கேரவனுக்குப் பின்னால் யார்?

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு வீடு உருண்டு வெளியே வந்தது. பதினாலு அடி நீளம், ஏழடி அகலம். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, ஆள் நுழைந்தால் திரும்ப முடியாத அளவுக்கு ஒரு கழிப்பறை, ஜன்னலுக்கு நீலப் பூப்போட்ட திரை. பழைய பொலேரோ ஒன்று அதைக் கொக்கியில் மாட்டி இழுத்தது. பொலேரோவை ஓட்டியவள் டெல்பின்.

டெல்பினுக்கு ஐம்பத்தேழு வயது. சாந்தோமில் பத்தொன்பது வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவள். அவள் வேனில் மூக்கு ஒழுக ஏறிய பிள்ளைகள் பலர் இன்று மீசை வைத்துக்கொண்டு மோட்டார் பைக்கில் போகிறார்கள்; அவளைக் கண்டால் மட்டும் வேகத்தைக் குறைப்பார்கள். போன மார்ச்சில் வேனை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். பத்து நாள்கூட உட்கார முடியவில்லை.

பக்கத்து சீட்டில் மடியில் ஒரு வரைபடச் சுருளோடு இருந்தவர் அவள் கணவர் ஃபிரெட்ரிக். பொதுப்பணித்துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது. ஆனால் இந்தக் கேரவனின் ஒவ்வொரு ஆணியும் எங்கே வர வேண்டும் என்று நாலு வருடம் உட்கார்ந்து வரைந்தவர் அவர்தான். சுருளில் இருந்தது பயணத்தின் வரைபடம். சாந்தோமில் கிளம்பி, கடலை விட்டு விலகாமல், தெற்கே மணப்பாடு வரை. ஒரு மாதம். வெள்ளிக்கிழமை விடிகாலை புறப்பாடு என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். சனிக்கிழமை தரங்கம்பாடியில் மகள் ஜெசிகா கோயம்புத்தூரிலிருந்து வந்து காத்திருப்பாள்.

கொட்டகைக்காரர் விஜயராகவன் வாசல் வரை கூடவே நடந்து வந்தார். மயிலாப்பூர்க்காரர்; கையில் கிரீஸ், நெற்றியில் நாமம்.

"ரெண்டு பக்கமும் நீட்டுக் கண்ணாடி போட்ருக்கேன் மாமி. பக்கவாட்டு நன்னாத் தெரியும். நேர் பின்னாடி மட்டும் தெரியாது. நடுக் கண்ணாடியில வீட்டுச் சுவர்தான் தெரியும். பாத்து ஓட்டிண்டு போங்கோ."

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றாள் டெல்பின். பத்தொன்பது வருட அனுபவம் அப்படிப் பேசியது.

சர்தார் பட்டேல் சாலையில் மரங்களுக்கு நடுவே கேரவன் பின்னால் அசைந்து அசைந்து வந்தது. வண்டி நினைத்ததைவிட லேசாக ஓடியது. எதிரே வந்த பஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஃபிரெட்ரிக் சிறுபிள்ளைபோல ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஓரிடத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்ததும் டெல்பின் சடாரென்று பிரேக் மிதித்தாள். கேரவன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவ்வளவுதான். மறுபடி கிளம்பினாள்.

மத்திய கைலாஷ் சிக்னலில் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

"மேடம், உங்க வண்டிக்குப் பின்னால ஒரு ஆள் சைக்கிளோட தொங்கிக்கினு வர்றாரு. ரேஸ் கோர்ஸ்லருந்தே பாக்கறேன்."

ஃபிரெட்ரிக் இறங்கிப் பின்னால் ஓடினார். கேரவனின் பின்பக்க ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஹேண்டில்பாரோடு, கேரியரில் வாழையிலைக் கட்டு வைத்த ஒரு ஒல்லி மனிதர் நின்றிருந்தார்.

"இன்னா சார் நின்னுட்டீங்க? நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு" என்றார் அவர். "நடுவுல ஒரு வாட்டி பிரேக் போட்டீங்க பாருங்க, அப்ப மட்டும் மூஞ்சி செவுத்துல இடிச்சிடும்னு நெனச்சேன்."

ஃபிரெட்ரிக் திரும்பி வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். டெல்பின் சிரிக்கவில்லை. சிக்னல் பச்சையானது, பின்னாலிருந்து ஹாரன் கத்தியது, யாருடைய ஹாரன் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அடையாறு பாலம் தாண்டி, மெட்ரோ வேலைக்காகப் போட்ட நீலத் தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து, ராஜா அண்ணாமலைபுரம் வழியாகச் சாந்தோம் வந்து சேரும் வரை அவள் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கேரவன் என்றால் சென்னையில் ஒரே அர்த்தம்தான்.

"யாருக்கு வந்திருக்கு? எந்த ஹீரோ?" என்று மாடி வீட்டு சரண்யா கேட்டாள்.

"ஹீரோயின்தான். நான்தான்" என்று சொல்லிவிட்டு டெல்பின் உள்ளே போனாள்.

சாப்பாட்டு மேசையில் ஃபிரெட்ரிக் வரைபடத்தை விரித்தபோதுதான் அவள் அதைப் பற்றிப் பேசினாள்.

"மூணு கிலோமீட்டர் ஒரு மனுஷன் எனக்குப் பின்னால வந்திருக்கான். நான் பிரேக் போட்ருக்கேன். எனக்குத் தெரியவே இல்ல. பின்னால தெரியாம இந்த வண்டியோட நான் சாந்தோம் தாண்ட மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை போறோம். அதுக்குள்ள ஒரு கேமரா பாக்கறோம்."

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் ராயப்பேட்டைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனார்கள். கார் சாமான் என்றால் சென்னையில் அந்தத் தெருதான். சீட் கவர், ஹாரன், கலர் கலராக எரியும் விளக்கு என்று கடைகள் நடைபாதை வரை வழிந்து கிடந்தன. முதலில் நுழைந்த கடை ஏசி போட்ட பெரிய கடை. விற்பனையாளர் வாய் நிறையப் பேசினார், எல்லாவற்றையும் ஃபிரெட்ரிக்கிடமே பேசினார்.

"சார், ஒயர்லெஸ் எடுத்துக்கங்க. லேட்டஸ்ட். கேமராவ பின்னால ஒட்றீங்க, ஸ்கிரீன முன்னால ஒட்றீங்க, முடிஞ்சுது. ஒயர் இழுக்கற வேலையே இல்ல."

மேசைமேல் இருந்த கேமராவுக்கு முன்னால் டெல்பின் கையை வைத்து, சட்டென்று இழுத்தாள். திரையில் கை இன்னும் இருந்தது. பிறகு போனது.

"மறுபடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி செய்தாள். மறுபடியும் கை தாமதமாகப் போனது.

"படம் பின்தங்கி வருது தம்பி."

"அரை செகண்ட்கூட இருக்காது மேடம். அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது" என்றார் அவர், மறுபடியும் ஃபிரெட்ரிக்கைப் பார்த்து.

ஃபிரெட்ரிக் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். கணக்கு என்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும். "மணிக்கு அறுவது கிலோமீட்டர்னா செகண்டுக்குப் பதினாறு மீட்டருக்கு மேல. அரை செகண்ட்னா எட்டு மீட்டர். டெல்பின், பின்னால நடக்கறது உனக்குத் தெரியறதுக்குள்ள வண்டி எட்டு மீட்டர் போயிருக்கும்."

"கிளம்புங்க" என்றாள் டெல்பின்.

இரண்டாவது கடையிலும் மூன்றாவது கடையிலும் அதே பெட்டி, வேறு ஸ்டிக்கர். நான்காவது கடைக்காரர் கார் கேமராவைக் காட்டினார், கேரவனின் நீளத்தைச் சொன்னதும் காதைச் சொறிந்துகொண்டு, "அவ்ளோ நீள வண்டின்னா அஸ்மத்துன்னிசா கிட்ட போங்க. தண்ணி லாரி, ஆம்புலன்ஸ், பஸ் எல்லாம் அதுதான் மாட்டுது" என்று பக்கத்துச் சந்தைக் காட்டினார்.

சந்தின் கடைசியில் ஒரு ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே முக்காட்டுக்கு மேல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி சால்டரிங் கம்பியோடு குனிந்திருந்தாள். சுவர் முழுக்க ஒயர் சுருள்கள். இவர்கள் சொன்னதையெல்லாம் தலைநிமிராமல் கேட்டுவிட்டு, அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஓட்டப்போறது யாரு?"

"நான்தான்" என்றாள் டெல்பின். ஏனோ அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

"அரே அக்கா, அப்ப நீங்க இப்படி வாங்க. சார், நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க." அஸ்மத்துன்னிசா கம்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எல்லாரும் உங்களுக்கு ரிவர்ஸ் கேமராதான் காட்டிருப்பாங்க. அது பின்னால போறப்ப மட்டும்தான் கண்ண தொறக்கும். முன்னால போனா தூங்கிடும். உங்களுக்கு அது பத்தாது. வண்டி ஓடற வரைக்கும் பின்னால தெரிஞ்சிக்கினே இருக்கணும். நாள் பூரா. சரியா?"

"அதேதான்!" டெல்பின் மேசையைத் தட்டினாள்.

அஸ்மத்துன்னிசா மூன்று கேமராவை எடுத்து வைத்தாள். ஒன்று நல்ல ஒயர்லெஸ். மட்டமான சரக்கு இல்லை, சுமாராகத் தாமதம் இல்லாமல் ஓடும். இரண்டாவது அகலக் கண். நூற்றெழுபது டிகிரி, பத்து அங்குலத் திரை, நாலு கேமரா வரை மாட்டலாம். மூன்றாவது ஒரு கறுப்பு இரும்புக் கட்டி. தண்ணீர் லாரிகளுக்குப் போடுவது, நூற்றிருபது டிகிரிதான், திரையும் ஏழு அங்குலம்தான், நீள ஒயரோடு வரும்.

ஃபிரெட்ரிக்கின் கண் இரண்டாவதில் ஒட்டிக்கொண்டது. பத்து அங்குலத் திரையில் கடையும் சந்தும் எதிர்வீட்டுக் கொடித் துணிகளும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. "இதுதான். இதுல ஊரே தெரியுது!" என்றார்.

"தெரியும் சார். ஆனா இங்க வெச்சிப் பாத்து வாங்காதீங்க" என்றாள் அஸ்மத்துன்னிசா. "கேமராவுக்குப் பரீட்சை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. மேக்க பாக்க நிறுத்தி, வெயில் நேரா கண்ணுல அடிக்கறப்ப. நாளைக்கு மூணையும் எடுத்துக்கினு நானே வர்றேன். வண்டி எங்க நிக்குது?"

புதன்கிழமை நாலரைக்குப் தேவாலயத்துப் பங்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், பொலேரோவின் மூக்கு கடலைப் பார்க்க, கேரவனின் முதுகு மேற்கைப் பார்க்க நின்றது. அஸ்மத்துன்னிசா ஏணியில் ஏறி மூன்று கேமராக்களையும் கூரை ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினாள். மூன்று திரைகளும் டாஷ்போர்டில் ஒரு துண்டின்மேல் வரிசையாக உட்கார்ந்தன. டெல்பின் ஸ்டியரிங்கில், அஸ்மத்துன்னிசா பக்கத்தில். ஃபிரெட்ரிக் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளோடும் இடுப்பில் அளவு நாடாவோடும் பின்னால் நின்றார். பூசைக்கு வந்தவர்கள், பந்து விளையாடியவர்கள், சரண்யா, இன்னும் பதினைந்து பேர் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

"சார் எவ்ளோ தூரத்துல நிக்கறாருன்னு திரையப் பாத்து சொல்லுங்க அக்கா. மொதல்ல பெரிய ஸ்கிரீன்."

டெல்பின் அகலக் கண்ணைப் பார்த்தாள். மைதானம் முழுக்கத் தெரிந்தது. ஓரத்துத் தென்னை மரங்கள் வில்லாக வளைந்திருந்தன. நடுவில் ஃபிரெட்ரிக் தீக்குச்சி உயரத்தில் நின்றார்.

"இருவது அடி."

பின்னால் ஃபிரெட்ரிக் நாடாவை இழுத்துப் பார்த்துக் கத்தினார்: "எட்டரை அடி!"

மதிலோரம் ஒரு 'ஓ' எழுந்தது.

"இப்ப சின்னது" என்றாள் அஸ்மத்துன்னிசா. ஃபிரெட்ரிக் இடம் மாறி நின்றார். டெல்பின் ஏழு அங்குலத் திரையைப் பார்த்தாள். மைதானத்தின் ஓரங்கள் அதில் இல்லை. ஆனால் மனிதர் மனிதர் அளவில் இருந்தார்.

"பன்னெண்டு அடி."

"பதினொண்ணரை!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மதிலோரம் கைதட்டினார்கள். டெல்பினுக்குக் காது சூடாகிவிட்டது. வேன் லைசென்ஸ் வாங்கிய அன்று எட்டுப் போட்டு முடித்தபோது இருந்த அதே படபடப்பு.

அடுத்து ஒயர்லெஸ். ஃபிரெட்ரிக் சைக்கிளில் ஏறி இடமும் வலமுமாக ஓட்டினார். படம் நன்றாகத்தான் வந்தது. ஐந்து நிமிடம் கழித்து, திரையில் அவர் காலை ஊன்றி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஏன் நிக்கறாரு? ஓட்டச் சொல்லுங்க" என்றாள் டெல்பின்.

அவள் பக்கத்து ஜன்னலை யாரோ தட்டினார்கள். திரும்பினால் ஃபிரெட்ரிக், வியர்வையோடு. "எப்படித் தெரிஞ்சேன்?"

டெல்பின் அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். திரையில் ஃபிரெட்ரிக் இன்னும் கேரவனுக்குப் பின்னால் காலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். அஸ்மத்துன்னிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சுத்திலும் அபார்ட்மென்ட் அக்கா. வீட்டுக்கு வீடு வைஃபை. இதுக்குப் பேச வழி கிடைக்கல, ஒறஞ்சி போச்சு. ரோட்டுலயும் எங்கயாவது இப்படி ஆவும்."

ஒயர்லெஸ்ஸை அணைத்தார்கள். ஐந்து மணிக்கு மேல் சூரியன் மாடி வீடுகளுக்கு நடுவே இறங்கி நேராகக் கேரவனின் முதுகில் அடித்தது. பெரிய திரை பால் ஊற்றியதுபோல வெள்ளையாகிவிட்டது. ஃபிரெட்ரிக் அதில் கரைந்து போனார். இரும்புக் கட்டிக்குக் கண்ணுக்கு மேலே தொப்பி விளிம்புபோல ஒரு தகடு இருந்தது. அதன் படம் கொஞ்சம் மங்கியது, ஆனால் ஆரஞ்சுச் சட்டை ஆரஞ்சாகவே தெரிந்தது.

"இதுதான்" என்று டெல்பின் ஏழு அங்குலத் திரையைத் தொட்டாள்.

கூட்டம் கலைந்தபின் ஃபிரெட்ரிக் ஏணியில் ஏறி அந்தக் கறுப்புக் கட்டியைப் பார்த்தார். முகம் வாடியிருந்தது. அழகாக வளைத்து வரைந்த வெள்ளைக் கூரையின்மேல் அது கரப்பான் பூச்சி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"டெல்பின், இது பாக்க தண்ணி லாரி மாதிரி இருக்கு. ரிவர்ஸ் எடுக்கத்தான் நான் இருக்கேனே. நான் எறங்கிப் பின்னால நின்னு பாத்துக்க மாட்டேனா? வண்டி ஓடறப்ப பாக்க மட்டும் ஒண்ணு வேணும்னா, அந்தப் பெரிய திரையே போதுமே."

டெல்பின் ஏணியின் அடியில் நின்றாள். எதையும் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. இருந்தும் இதை மட்டும் பல வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

"நீங்க பின்னால நிக்கறப்பதான் எனக்குப் பயம்" என்றாள். "ஆபீஸ் கெளம்பறதுக்கு முன்னாடி தினம் காலைல வேனுக்குப் பின்னால நின்னு 'வா வா'ன்னு கத்துவீங்க. சந்துல ஒருநாள் கல்லு தடுக்கி விழுந்தீங்களே, ஞாபகம் இருக்கா? நான் உங்க சத்தம் நின்னதும் பிரேக் போட்டேன். எறங்கி வந்து பாத்தா சக்கரத்துக்கும் உங்க தலைக்கும் நடுவுல ஒரு சாண். நீங்க மண்ணத் தட்டிட்டு ஆபீஸ் போயிட்டீங்க. நான் அன்னிக்கு முழுக்க ஒவ்வொரு சந்துலயும் எறங்கி எறங்கிப் பாத்து வண்டி ஓட்டுனேன். அதுக்கப்புறமும் தினம் வந்து நின்னீங்க. தினம் எனக்கு அதே பயம்தான்."

ஃபிரெட்ரிக்குக் கல் தடுக்கியது ஞாபகம் இருந்தது. ஒரு சாண் தெரியாது. அவர் ஏணியில் நின்றபடியே விரல்களை விரித்து ஒரு சாணை அளந்து பார்த்தார். அஸ்மத்துன்னிசா மும்முரமாக ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணி லாரியவே மாட்டும்மா" என்று மேலிருந்து அவளிடம் சொன்னார் ஃபிரெட்ரிக். கொஞ்சம் பொறுத்து, "வெள்ளப் பெயின்ட் அடிக்கலாமா?" என்றும் கேட்டார்.

"கண்ண விட்டுட்டு அடிங்க சார்."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அஸ்மத்துன்னிசா வந்துவிட்டாள். கேரவனின் கூரையோரமாக ஒயரை ஓட்டி, தரைக்கடியில் இறக்கி, கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு இணைப்பு வைத்தாள். அங்கே மட்டும் ஒயர் டெலிபோன் கம்பிபோலச் சுருள் சுருளாக இருந்தது.

"திரும்பறப்ப இது இழுத்து அறுந்துடக் கூடாது. தொங்கி ரோட்டுல தேயவும் கூடாது" என்று சொல்லி, டெல்பினை ஸ்டியரிங்கை முழுக்க இடதுபக்கம், முழுக்க வலதுபக்கம் ஒடித்து ஊர்ந்து காட்டச் சொன்னாள். படுத்துக்கொண்டு அடியில் பார்த்தாள். ஒரு சுருள் குறைத்தாள். மறுபடி பார்த்தாள்.

திரை ஒளிர்ந்ததும் டெல்பின் "இரு இரு" என்று கத்தினாள். பக்கக் கண்ணாடியில் ஃபிரெட்ரிக் அவளுக்கு இடதுபக்கம் நிற்கிறார். திரையில் வலதுபக்கம் நிற்கிறார்.

"அதானே! மறந்துட்டேன்" என்று அஸ்மத்துன்னிசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரையின் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஃபிரெட்ரிக் ஒரு தாவலில் இடதுபக்கம் வந்தார். கண்ணாடியில் பார்ப்பதுபோலவே இடது இடதாக, வலது வலதாக.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கேரவனை அவர்கள் வீட்டுச் சந்துக்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்த வேண்டும். இழுத்து வரும் வண்டியைப் பின்னால் தள்ளுவது தலைகீழ் வித்தை. இடதுபக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடிக்க வேண்டும்; கொஞ்சம் அதிகமாக ஒடித்தால் இரண்டு வண்டியும் மடங்கி ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். டெல்பின் விஜயராகவனின் கொட்டகை வாசலில் ஒரு வாரம் இதைப் பழகியிருந்தாள். அங்கே இடம் தாராளம். இங்கே சந்தின் அகலம் ஒன்பதடி.

ஃபிரெட்ரிக் சந்து முனையில், அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டிருக்க அவர் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது.

முதல் முறை கேரவன் குறுக்கே திரும்பிவிட்டது. டெல்பின் பல்லைக் கடித்து முன்னால் எடுத்தாள். இரண்டாம் முறை வால் மெல்ல மெல்லச் சந்துக்குள் நுழைந்தது. திரையில் இருபுறச் சுவரும் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக ஊர்ந்தன. அரை வண்டி உள்ளே போனது. முக்கால் வண்டி.

திடீரென்று திரையின் அடியில் ஒரு அலுமினிய அன்னக்கூடை வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து நாலைந்து வஞ்சிர வால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. டெல்பின் பிரேக்கை மிதித்தாள். கேரவன் அப்படியே நின்றது. கதவைத் திறந்து இறங்கி, சுவருக்கும் கேரவனுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

லூப் ரோட்டில் மீன் விற்கும் கோவிந்தம்மா, சந்தின் மறுமுனை வழியாக வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு மாடி வீட்டு சரண்யாவோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கூடைக்கும் கேரவனின் பம்பருக்கும் இடையில் ஒரு கை அகலம்.

"கோவிந்தம்மாக்கா, உன் வஞ்சிரத்த எடு. வண்டி வருது."

கோவிந்தம்மா திரும்பிக் கூடையைப் பார்த்தாள், கேரவனைப் பார்த்தாள். "யம்மாடி! உள்ள குந்திக்கினு ஓட்டுற நீ, எம்மீனு இன்னா மீனுன்னு எப்படி கண்டுக்குன?"

டெல்பின் அவளைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்து பொலேரோவில் உட்கார வைத்துத் திரையைக் காட்டினாள். கூடையும் அதன் பக்கத்தில் வந்து நின்ற சரண்யாவும் தெரிந்தார்கள். கோவிந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை, இறங்கி ஓடிப் பின்னால் போய் நின்று, "இப்ப நான் தெரியறனா?" என்று கத்தினாள். பிறகு சரண்யாவை நிற்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு டெல்பினை அங்கே அனுப்பிவிட்டுத் தன் போனில் திரையைப் படம் பிடித்தாள். கடைசியில் அவளே பின்னால் போய் நிற்க, திரையில் தெரிந்த அவளை டெல்பின் அந்தப் போனில் படம் பிடித்துக் காட்டியதும் கோவிந்தம்மா வாயில் கை வைத்தாள்.

"அடப்பாவமே, உச்சந்தலையில இவ்ளோ நரை கீதா எனக்கு? வூட்டுல ஒருத்தரும் சொல்லல பாரு!"

சந்தே சிரித்தது. கூடை நகர்ந்தது. டெல்பின் ஏறி உட்கார்ந்து, மிச்சக் கால் வண்டியையும் ஒரே மூச்சில் உள்ளே செலுத்தினாள். சுவர் கீறவில்லை. அஸ்மத்துன்னிசா விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். ராயப்பேட்டைத் தெரு முழுக்கக் கேட்கிற விசில்.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குப் பேராலயத்தில் முதல் மணி அடித்துக்கொண்டிருந்தபோது கேரவன் சந்தைவிட்டு வெளியே வந்தது. சரண்யா பல் துலக்கிக்கொண்டே பால்கனியிலிருந்து கையசைத்தாள். பட்டினப்பாக்கம், அடையாறு, திருவான்மியூர். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் திரும்பியதும் சாலை அகலமாக விரிந்தது. டெல்பினின் கை தானாகவே தாளம் போட ஆரம்பித்தது.

திரையில் ஒரு புதுச்சேரி பஸ் தூரத்தில் புள்ளியாகத் தோன்றி, வளர்ந்து, நெருங்கியது. அதன் டிரைவர் ஹாரனில் கை வைப்பதற்கு முன்பே டெல்பின் இடதுபக்கம் ஒதுங்கி விளக்கைப் போட்டாள். பஸ் கடந்து போகும்போது டிரைவர் எட்டிப் பார்த்தார். ஓட்டுவது ஒரு பெண் என்று தெரிந்ததும் நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார்.

"பாத்தியா! பாத்தியா!" என்று ஃபிரெட்ரிக் சீட்டில் துள்ளினார்.

"நான் அவர அப்பவே பாத்துட்டேங்க. நீலாங்கரையிலருந்து வர்றாரு." அவள் குரலில் பெருமை கொட்டியது.

ஜெசிகா போன் செய்தபோது மாமல்லபுரம் தாண்டியிருந்தது. "அம்மா பயந்தாங்களாப்பா?" என்று கேட்டாள். ஃபிரெட்ரிக் போனை ஸ்பீக்கரில் போட்டு டெல்பின் பக்கம் நீட்டினார். அவள் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி சேரவில்லை. ஜெசிகா, "புரிஞ்சுது, வைங்க" என்று சிரித்தாள்.

கல்பாக்கத்துக்கு அப்பால், சாலையோரச் சவுக்குத் தோப்பு ஒன்றின் எதிரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. டெல்பின் ஓரம் கட்டினாள். ஃபிரெட்ரிக் இறங்கிச் சாலையைக் கடந்து போய் இரண்டு டீ சொன்னார். டீக்காரர் அவரிடம் அந்த வெள்ளை வண்டி என்ன வண்டி என்று கேட்டார். ஃபிரெட்ரிக்குச் சொல்லவா வேண்டும்? படுக்கையிலிருந்து கழிப்பறை வரை, கையால் காற்றில் வரைந்து வரைந்து விளக்கினார். டீ ஆறும் வரை விளக்கினார்.

இரண்டு கிளாஸையும் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது சாலையோரத்தில் வண்டியைக் காணோம். அவருக்கு ஒரு கணம் திக்கென்றது. பிறகு தோப்புக்குள் பார்த்தார். இரண்டு மரங்களுக்கு நடுவே, முதுகைக் கடல் பக்கம் காட்டிக்கொண்டு, கோடு போட்ட மாதிரி நேராக நின்றிருந்தது கேரவன். பக்கக் கதவு திறந்திருந்தது. வண்டிக்கு அப்பால் மணல், அதற்கப்பால் பளபளவென்று கடல். மடக்கு நாற்காலிகள் இரண்டையும் டெல்பின் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு ரிவர்ஸ் பாத்தாங்க?" என்று சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே அவர் கத்தினார்.

"டீயக் கொண்டாங்க மொதல்ல" என்று அவள் பதிலுக்குக் கத்தினாள். "ரெண்டு பக்கமும் பாத்து கிராஸ் பண்ணுங்க!"